ஆலாவுக்கு ஆறு பிளேட்

மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவில் டார்க் ரூம்தான் என் இடம். பிறத்தியார் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. அதனால் ஒன்பது வருஷம் முதலாளி என்னைக் கேமரா பக்கமே விடவில்லை. யுத்த காலத்தில் அடையாறுப் பெரியவர் ஒருவர், கடலில் மீன் பிடிக்கும் ஆலாப் பறவைகளைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். முதலாளிக்குப் படகு என்றாலே குமட்டும்.

“நீயே போயிட்டு வாடா. கண்ணாடி பிளேட் கிடைக்கிற காலமா இது? ஆறுதான் தருவேன், ஆறே படம். ஒண்ணும் தேறலேன்னா, அப்புறம் கேமராப் பேச்சே எடுக்கப்படாது” என்றார்.

விடிந்ததும் அடையாறு முகத்துவாரத்தில் மீனவர் எல்லப்பனின் கட்டுமரத்தில் ஏறினேன். நடுவில் ஒரு கள்ளிப்பெட்டியைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

“பொட்டி மேல குந்திக்கோ சார். கீய எல்லாம் தண்ணி.”

பிளேட் அடைத்த ஸ்லைடுகளை மெழுகுத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அலை தாண்டியதும் ஆலாக்கூட்டம் தெரிந்தது. எல்லப்பன் நேராக அதை நோக்கி வலித்தார். எதிரே சூரியன். இப்படி எடுத்தால் பறவை வெறும் கரும்புள்ளியாக விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வியர்க்க வியர்க்க வலிக்கும் மனிதரிடம் ‘சுற்றிப் போங்கள்’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்படியே எடுத்து மூன்று பிளேட் வீணாயின.

“இன்னா சார், மூஞ்சி தொங்கிப் போய் கீது?”

இன்னும் மூன்றுதான் என்ற பயத்தில் வாயைத் திறந்துவிட்டேன். “வெயில் என் முதுகுல விழணும். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் போயிடணும்.”

“அடப் போ நைனா! இத்தினி நேரம் வாய்ல கொழுக்கட்டையா? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?”

சிரித்துக்கொண்டே மரத்தை வளைத்துக் கொண்டுபோனார். திறந்த வாயை நான் மூடவில்லை. “ஆட்டம் ஜாஸ்தியா இருக்கு. எப்ப எடுக்கிறது?” என்று கேட்டேன்.

“அலை உச்சில ஒரு மூச்சு நேரம் ஆடாது. நான் ‘இந்தா’ன்னா புடி.”

முதல் ‘இந்தா’வுக்கு ஆலா பறந்துவிட்டது. இரண்டாவதில் லென்ஸ் மேல் தண்ணீர் அடித்தது. இரண்டு பிளேட்டும் போயின. லென்ஸைச் சட்டையின் உள்பக்கத்தால் துடைத்தேன். கடைசி பிளேட்டுக்கு ஐந்தாறு ‘இந்தா’க்களை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு ஆலா மீனோடு மேலே எழும்பியது.

“இந்தா!”

ஷட்டரை அழுத்தினேன்.

அன்று மத்தியானம் முதலாளி ஈர நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “றெக்கை நுனி வெட்டுப்பட்டிருக்கேடா” என்றார். இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, “மீன் கண்ணு கூடத் தெரியறது. நாளைக்குக் கல்யாண குரூப், நீ எடு” என்றார்.

மறுநாள் கல்யாண வீட்டார் வெயிலுக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டு, சம்பந்திகளை உட்கார வைத்துவிட்டிருந்தார்கள். என் காது சூடேறியது.

“எல்லாரும் எழுந்திருங்கோ. நாற்காலியைத் திருப்பிப் போடணும்” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வெளிச்சம் தப்பாக இருந்தால், பிளேட் செலவாகும் முன்பே சொல்லிவிடுங்கள்.