மேலே வைத்த பாதி

செவ்வாய்க்கிழமை சுரங்கத்தில் இறங்கும் காலை ஷிஃப்டுக்கு டிக்கெட் கொடுத்து முடித்து, பெயர்ப் பட்டியலை மூடிக்கொண்டிருந்தேன். பேத்தமங்களாவிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டிக்காரர் முனியப்பா ஜன்னலருகே வந்து நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே ஏதோ கெட்ட சேதி என்று தெரிந்துவிட்டது.

“ரைட்டரே, நம்ம பாக்கியம்மா நேத்து சாயங்காலம் போயிட்டாங்க” என்றார். பிறகு ஒரு சிறிய துணி மூட்டையை நீட்டினார். “மத்தியானம் பாதி களி துன்னுட்டு, மீதிய அப்பறம் துன்னலாம்னு எடுத்து வச்சாங்களாம். வூட்ல ஒருத்தரும் அதத் தொடமாட்டேங்கறாங்க. ரைட்டரய்யாவாண்ட குடு, இன்னா செய்யணும்னு அவருக்குத் தெரியும்னு அவங்க பொண்ணு குடுத்தனுப்பிச்சி.”

எனக்கு என்ன தெரியும்? சுரங்கத்தின் வாசலில் உட்கார்ந்து, இறங்குகிறவர்களின் பெயரை எழுதுவதும் ஏறி வராதவர்களின் பெயரை அடிப்பதுமாக என் காலம் போய்விட்டது. சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு மரத்துப்போன ஆள் நான். அழுகைகூட வரவில்லை. மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பாக்கியம்மாளை, இந்தச் சுரங்கத்து ஆட்களான உங்களில் பலர் களிக்கார அம்மாவாகத்தான் அறிவீர்கள். நான் அவரை முதலில் பார்த்தது, பாறை சரிந்து அவருடைய கணவர் இறந்த அன்று. கணவர் கொண்டுபோன சோற்றுத் தூக்கு திறக்கப்படாமலே மேலே வந்திருந்தது. அதை வீட்டாரிடம் ஒப்படைப்பது என் வேலை. அப்படி வரும் தூக்கை வாங்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே இருப்பதைக் குப்பைமேட்டில் கொட்டிவிடுவார்கள். இவர் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து திறந்தார். களியைப் பிட்டு மகளின் வாயில் கொஞ்சம் வைத்தார். தன் வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டார். “இன்னாம்மா இது, அடுக்குமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“விடியறதுக்குள்ள எழுந்து நான் கிண்டின களி. அவரு துன்னல. அதுக்கோசரம் மண்ணுலயா போடுவேன்?” என்றார். கண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது, மென்றுகொண்டேதான் இருந்தார்.

அந்த நாளில் நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கீழே போன சோறு மேலே வரக்கூடாது. திரும்பி வருவது செத்தவன் சோறு என்று பயம். ஆனால் குறைவாகக் கட்டிக்கொண்டு போகவும் மனம் வராது, பசி அப்படிப்பட்டது. பெரிய உருண்டையாகக் கொண்டு இறங்குவார்கள். புழுதியும் சூடும் தொண்டையை அடைக்க, பாதிகூட இறங்காது. மிஞ்சியதைக் கீழே தாங்கள் வேலை செய்யும் லெவலிலேயே எலிகளுக்குக் கொட்டிவிட்டு, காலித் தூக்கோடு மேலே வரும் கேஜ் கூண்டில் ஏறுவார்கள். மேலே லைன் வீடுகளில் அவர்கள் பிள்ளைகளோ கூழில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிக் குடித்துக்கொண்டிருந்தன.

கணவர் போன மறுமாதமே பாக்கியம்மாள் ஒரு கூடையோடு, சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் வந்து நின்றார். “மீந்தத கொட்டாதீங்க. மேல கொண்டாங்க, பசங்க துன்னும்” என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். ஆட்கள் கொதித்துப் போனார்கள். தாலியறுத்தவள் எதிரே நிற்கிறாள், அதிலும் செத்தவன் சோற்றைக் கேட்கிறாள் என்று என்னிடம் வந்து கத்தினார்கள். எனக்குத் தலைவலி தீர்ந்தால் போதும் என்றிருந்தது. “இந்தாம்மா, இனிமேல் இந்தப் பக்கம் வராதே” என்று விரட்டிவிட்டேன்.

அவர் கூடையை எடுத்துக்கொண்டார். “பஞ்சத்துல எறும்புப் புத்தத் தோண்டி தானியம் பொறுக்கித் துன்னவங்க நாங்க. எனக்குப் பாக்க முடியல, ரைட்டரே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நானும் அதே வடாற்காட்டுப் பஞ்சத்தில் நடந்து வந்தவன்தான். ஆனால் மறந்துவிட்டிருந்தேன், அல்லது மறந்துவிட விரும்பினேன்.

பிறகு, குடும்பத்தை ஊரில் விட்டுவந்த இருபது பேருக்குக் களி கிண்டிப் போடும் வேலையைப் பிடித்துக்கொண்டார். ஷாஃப்டுக்கு எதிரேயிருந்த லைனின் முதல் வீட்டில்தான் அடுப்பு. அங்கேதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருவருக்கும் கிண்டிய உருண்டையை இரண்டாகப் பிட்டார். பாதியைத் தூக்கில் வைத்துக் கொடுத்தார். மறுபாதியை அவரவருக்கென்று ஒரு மண்சட்டியில் மூடி வைத்து, கரியால் அடையாளம் போட்டார். ஒருவருக்குக் கோடு, ஒருவருக்கு வட்டம், ஒருவருக்கு மீன்.

“கீழ போனது மேல வரக்கூடாது, அவ்ளோதான? இது கீழயே போவல. மேலயே கீது. வந்து துன்னுங்க” என்றார்.

முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஷிஃப்ட் முடிந்து ஏறியதும் நேரே சட்டியைத் தேடிப் போனார்கள். முனியப்பா வாடிப்போனது என்று சாக்கடையில் தள்ளப் பார்த்த கீரையும் கத்தரிக்காயும் அங்கே குழம்பாகிக் காத்திருக்கும். கீழே கொட்டுவது குறைந்தது. லைன் வீட்டுப் பெண்களும் இப்படியே பாதியை மேலே எடுத்து வைக்க ஆரம்பித்ததும், பிள்ளைகளின் கூழ் கொஞ்சம் கெட்டியானது. ஒரு நாள் கேஜில் கால் வைக்கும்போது ஒருவன், “மேல என் பாதி கீதுடா, வந்துதான் ஆவணும்” என்று சிரித்ததைக் கேட்டேன். எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

பயந்தது நடந்தது. வெடி வைத்த இடத்தில், அந்த இருபது பேரில் ஒருவனான கோவிந்தன் அகப்பட்டுக்கொண்டான். மீன் அடையாளம் போட்ட சட்டி அவனுடையது. அன்று மற்ற எல்லாச் சட்டிகளும் காலியாயின. அது மட்டும் மூடியபடியே இருந்தது. அடுத்த நாள் அடக்கம் முடிந்ததும் பாக்கியம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“புதைத்துவிடம்மா” என்றேன்.

“அவனப் பொதச்சாச்சி. இதையுமா பொதைக்கணும்?” என்றார். “என்னால ஒண்டியாத் துன்ன முடியல, ரைட்டரே. நீங்க ஒரு வாய் துன்னுங்க. நான் ஒரு வாய் துன்றேன்.”

நான் சாப்பிடவில்லை. வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வாயும் இறங்க வெகுநேரம் பிடித்தது.

அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. அதற்குப் பிறகும் மேலே தங்கிப்போன பாதிகள் உண்டு. எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொன்றையும் அவரே தின்றார், என்னை மறுபடி கூப்பிடவில்லை. உடம்பு தளர்ந்து பேத்தமங்களாவில் மகள் வீட்டுக்குப் போன அன்றும், “அடுப்ப யாராச்சும் பாத்துக்கங்க” என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அடுப்பு இன்றும் எரிகிறது. சட்டிகளும் இருக்கின்றன. ஆனால் இப்போது தங்கிப்போகும் பாதியைத் தின்ன ஆளில்லை. சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நாள் முழுவதும் அந்த மூட்டை என் மேசைமேல் இருந்தது. கோவிந்தனின் களியை நான் ஒதுக்கியதைத் தாய் மகளிடம் சொல்லியிருப்பாரோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கு அனுப்பியிருக்க மாட்டாள். இரண்டாவது ஷிஃப்ட் இறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு அவிழ்த்தேன். களி இறுகி, லேசாகப் புளித்திருந்தது. ஓரத்தில் அவர் பிட்ட விரல்தடம் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுதேன்.

ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தின்றேன். மெதுவாகத்தான் இறங்கியது.

பாக்கியம்மாளின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் துணி ஒன்றுதான். துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இனி மேலே யாருடைய பாதியாவது தங்கினால், புதைக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். களியில் ஒரு விள்ளலும் மிச்சம் வைக்கவில்லை, பாக்கியம்மா.