சேவலைத் துளுக்கப் பழக்கியது

எங்கள் குதிரை சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை மிதித்துக் கொன்றபோது நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். குதிரை வேண்டுமென்று மிதிக்கவில்லை. சேவலும் வேண்டுமென்று போய்க் காலடியில் நிற்கவில்லை. குதிரை லத்தியில் செரிக்காத கொள்ளு கிடக்கும். அதைக் கிளறித் தின்பதற்காக எங்கள் வீட்டுக் கோழிகள் விடிந்ததும் லாயத்துக்கு ஓடும். லாயம் என்பது பெரிய வார்த்தை. மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றால் வேய்ந்த ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான். ஈ கடித்த காலைக் குதிரை தூக்கி ஓங்கித் தரையில் வைத்தது. வைத்த இடத்தில் சேவல் இருந்தது.

அது வேறு எந்தச் சேவலாக இருந்திருந்தாலும் அம்மா நாலு வசவு வைதுவிட்டு அன்றைக்கே குழம்பு வைத்திருப்பாள். இது கருப்பண்ணசாமிக்கு நேர்ந்தது. நேர்ந்தவள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், அடுத்த தோட்டத்தில் இருந்தாள். அவள் நேர்ந்ததும் அப்பாவுக்காகத்தான்.

அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியதும் சூலூருக்கு அந்தப்புறம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் கட்டிலில் படுத்தார். முதல் ஷிப்டுக்குப் போன பழக்கத்தில் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். விழித்துக்கொண்டு, ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி வெயில் ஏறும்வரை படுத்தே இருப்பார். யாராவது கேட்டால் பதில் சொல்வார். தானாக எதுவும் பேச மாட்டார். தோட்ட வேலையை அம்மாவும் ஆட்களுமே பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அத்தை, தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று வேண்டி, எங்கள் கூட்டிலேயே நல்லதாக ஒரு சேவலைப் பிடித்து, காலில் மஞ்சள் துணி கட்டி விட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா பல்லடத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு செம்பழுப்புக் குதிரையின் கயிறு இருந்தது. ஜட்கா ஓட்டிய ஒருவர் ஆட்டோ வாங்கிவிட்டாராம். குதிரைக்குத் தீனி போட முடியாமல், கேட்டவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"ஏனுங்க, கோழி முட்டை போடுது. மாடு பால் குடுக்குது. இது என்னத்தைங்க குடுக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"லத்தி குடுக்குமில்ல. உன்ற கோழிகளுக்குத் தீனிச் செலவு மிச்சம்" என்றார் அப்பா.

மில் மூடியதற்குப் பிறகு அப்பா சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அம்மா சிரிக்கவில்லை. குதிரைக்குக் கொள்ளு ஊறவைக்கப் பானை கேட்டபோது உடைசல் பானை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அன்று முதல் அப்பா விடியும் முன்பே எழுந்து லாயத்துக்குப் போனார். குதிரையிடம் மில் கதையெல்லாம் சொல்வார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பால் கேன்களை வண்டியில் ஏற்றி சொசைட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டம் போட்டு, பழைய வண்டி ஒன்றுக்குச் சக்கரம் தேடினார். அம்மாவோ நாள் முழுவதும் குதிரையை வைதுகொண்டே இருந்தாள். வாழைக் கன்றைக் கடித்தது, தண்ணீர்த் தொட்டியைக் கலக்கியது, கோழிக்குஞ்சுகளை மிரட்டியது என்று குற்றப்பத்திரிகை நீண்டுகொண்டே போயிற்று. எனக்குக் குதிரைதான் உயிர். அதனால் அம்மாவை எதிர்க்கட்சி என்று முடிவு செய்துவிட்டேன்.

சேவல் செத்த செய்தி கேட்டு அத்தை வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"சாமி சேவல மிதிச்ச சீவன் ஊட்டுல இருக்கப்படாது தம்பி. வித்துப்போடு."

"தெரியாம மிதிச்சதுங்க அக்கா" என்றார் அப்பா.

"தெரிஞ்சு மிதிக்கறதுக்கு அதென்ன மனுசனா? உனக்காகத்தான நேந்தன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானில்ல பதில் சொல்லோணும்?"

அப்பா லாயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் அவர் எழுந்து லாயத்துக்குப் போகவில்லை. குதிரை கனைத்தது. அம்மா போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். வந்தவள் கட்டிலருகே சற்று நேரம் நின்றாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கடைசியில் கருப்பண்ணசாமி பூசாரி ஒரு தீர்ப்புச் சொன்னார். அமாவாசைக்கு வேறொரு சேவல் கொடுக்க வேண்டும். அது துளுக்குக் கொடுத்தால், சாமிக்குக் குதிரை மேல் கோபமில்லை என்று அர்த்தம். கொடுக்காவிட்டால் அன்றைக்கே குதிரையை அனுப்பிவிட வேண்டும். துளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பலி கொடுக்கப்போகும் ஆட்டின் மேலோ சேவலின் மேலோ மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது. உதறாமல் நின்றால் சாமிக்கு ஏதோ குறை.

"சாமி சொல்றபடியே ஆகட்டுமுங்க நங்கையா. போனாலும் நல்லதுதானுங்க. என்ற கோழிக நிம்மதியா இருக்கும்" என்று நாத்தனாரான அத்தையிடம் அம்மா சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

யாரும் குதிரையின் பக்கம் இல்லை. ஆகவே வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அம்மா தேர்ந்தெடுத்த கருஞ்சிவப்புச் சேவலைத் துளுக்கப் பழக்கிவிட்டால் தீர்ந்தது. அமாவாசைக்கு நாள் இருந்தது. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேவலைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போவேன். குவளைத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவேன். உதறியதும் ஒரு பிடி கம்பு போடுவேன். முதல் நாள் அது உதறிய உதறலில் என் பாவாடை முழுக்க நனைந்தது. வேலை சுலபம் என்று நினைத்தேன்.

போகப்போக உதறல் குறைந்தது. பிறகு கழுத்தை மட்டும் லேசாக ஆட்டியது. உதறாத நாளில் கம்பு கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது நனைந்த தலையோடு என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனம் கேட்காது. போட்டுவிடுவேன். தண்ணீர் விழுந்தால் அடுத்து கம்பு விழும், நடுவில் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சேவல் கற்றுக்கொண்டது. நான் பள்ளிக்கூடப் பையை வைப்பதற்குள் அதுவே வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தது. பாடம் படியவில்லை என்று எண்ணி இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

அமாவாசை அன்று காலையில் வரப்போரம் இருந்த கருப்பண்ணசாமி கல்லுக்கு முன்னால் எல்லோரும் கூடினோம். அத்தை குதிரைத் தரகர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் தோளில் புதுக் கயிற்றோடு புளியமரத்தடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்றார்.

பூசாரி சேவலை இறக்கிவிட்டார். அத்தை சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். சேவல் அசையவில்லை. நனைந்த தலையைத் தூக்கிக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. யாரைத் தேடுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். நான் பூசாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்ன குறை சாமி? சொல்லீட்டுக் குடு" என்றார் பூசாரி.

அத்தை மறுபடியும் ஊற்றினாள். சேவல் குளித்து முடித்த பெரியவரைப் போல நிதானமாக நின்றது.

"இதென்னுங்க, சோப்புப் போட்டு விட்டாத்தான் ஆகுமாட்ட இருக்குது" என்றார் தரகர். ஒருவரும் சிரிக்காததால் அவரே இருமிக்கொண்டார்.

"பாத்துக்கிட்டயா தம்பி? சாமி முடிவு சொல்லிப்போட்டுது" என்றாள் அத்தை. அவள் குரலிலும் சந்தோஷம் இல்லை. தரகர் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்தார். அப்பா லாயத்தின் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"இருங்க" என்றாள் அம்மா.

அப்பா நின்றார்.

"ஊட்டுக்காரி நான் இன்னும் ஊத்துலீங்களே நங்கையா. ஒருக்கா நானும் ஊத்தறனுங்க. அப்பறம் புடிச்சுட்டுப் போகட்டும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேவலின் முன்னால் உட்கார்ந்தாள். இடது கையால் அதன் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தாள். சொம்பைச் சரித்து மெல்லிய தாரையாக ஊற்றிவிட்டுக் கையை எடுத்தாள். அவ்வளவுதான், சேவல் தலையிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்து உதறியது. தெறித்த மஞ்சள் தண்ணீர் அத்தையின் சேலையெல்லாம் பட்டது.

"குடுத்துட்டான்! கருப்பன் குடுத்துட்டான்!" என்று பூசாரி கத்தினார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதேவிட்டாள். நான் குதித்தேன். குதித்து முடிப்பதற்குள் பூசாரி சேவலின் கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். துளுக்குக் கொடுத்தால் குதிரை பிழைக்கும் என்பதிலேயே குறியாக இருந்த நான், கொடுத்த சேவலுக்கு என்ன ஆகும் என்பதை அந்த நிமிடம்வரை யோசிக்கவில்லை. அன்று மத்தியானம் கறிச்சோறு எனக்கு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இறங்கியது.

இப்போது சரவணம்பட்டியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நானும் சில கோழிகள் வளர்க்கிறேன். ஒருநாள் சீக்கு வந்த கோழி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் கழுவும்போது, கன்னத்துச் சிறகுக்குள் மறைந்திருக்கும் காதில் தண்ணீர் போய்விட்டது. அது உதறிய வேகத்தில் என் கண்ணாடி எகிறிப் போய் விழுந்தது. எத்தனை பழகிய கோழியானாலும் காதில் தண்ணீர் போனால் உதறாமல் இருக்காது. சின்ன வயதிலிருந்து கோழிகளோடேயே இருந்த அம்மாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. நான் கண்ணாடியைத் தேடி எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அமாவாசையன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா கிணற்றடியில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சக்கரம் கிடைத்துவிட்டால் அடுத்த வாரமே பால் வண்டி ஓடும் என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் காயப்போட்ட சோளத்தை முறத்தில் அள்ள வந்த அம்மா, அள்ளாமல் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பழக்குனதுனாலதான துளுக்குச்சு?" என்று அவளிடம் ரகசியமாகக் கேட்டேன். என் வைக்கோல் போர் வேலையை அவளுக்கு மட்டும் அன்று சொன்னேன்.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "ஆமாங் கண்ணு. உன்னாலதான்" என்றாள்.

அதற்குள் குதிரை கழுத்தை நீட்டிச் சோளத்தில் வாய் வைத்தது. "சனியனே, அக்கட்டால போ! உன்னை அந்தத் தரகன்கிட்டப் புடிச்சுக் குடுத்திருக்கோணும்" என்று அம்மா முறத்தை ஓங்கினாள். அப்பா சிரித்தார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குதிரையைத் துரத்த இவ்வளவு பாடுபட்டும் அவள் தோற்றுப்போய்விட்டாளே என்று, அவளோடு சேர்ந்து நானும் சோளத்தை முறத்தில் அள்ளிக் கொடுத்தேன்.