பார்க்காமல் விட்ட வடக்குச் சுவர்

அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நழுவிவிடுவேன். இந்த நினைவு மலருக்கு அண்ணனின் மூத்த மகள்தான் எழுதுவதாக இருந்தது. "எனக்கு வீட்டுல இருந்த அப்பாவைத்தான் தெரியும் சித்தப்பா. வெளியூர்ல கூட இருந்தது நீங்கதானே" என்று நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில். எங்கள் அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அன்றிலிருந்து அவருக்கு அளத்து வேலைதான். பாத்தி மிதிப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, உப்பை வாரிக் குவிப்பது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர், தங்கையைக் கட்டிக்கொடுத்தவர், எனக்குப் பெண் பார்த்தவர் எல்லாம் அவர்தான். யார் மீதும் அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொன்னதும் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், அதை வைத்து நாங்களே தெரிந்துகொள்வோம்.

1970-க்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், எங்கள் ஊர் சிவன் கோயில் கல்வெட்டைப் படியெடுக்க ஒருவர் வந்தார். தாளை நனைத்துச் சுவரில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார். மழை நாளில் அளத்தில் வேலை கிடையாது. சும்மா நின்ற அண்ணன் அவருக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். அவர் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க அளம்னு எழுதியிருக்கு. உங்க உப்பளந்தான்" என்றாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"ராஜா காலத்துல எழுதினதுடா. கோயில் செவுத்துல நம்ம வேலை இருக்குது பாரு."

அந்தக் காலத்து எழுத்து, எனக்குக் கோழி கிளறின மாதிரி இருந்தது. அண்ணனுக்கோ அந்த மூன்று எழுத்தின் வடிவம் மனதில் பதிந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் துணிப்பையை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பிவிடுவார். வேதாரண்யம் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கேயும் உப்பளம், அங்கேயும் பெரிய கோயில். அந்தச் சுவரிலும் நம் சொல் இருக்கும் என்பார். ஆனால் வழியில் இருக்கிற கோயில் ஒன்றையும் விடமாட்டார். பாதி நடை, பாதி பஸ். ஒரு ஊரில் நாலு நாள், ஒரு வாரம் தங்குவார். சுவரில் விரல் வைத்துக்கொண்டே வெளிப்பக்கம் சுற்றி வருவார். கல்லில் உப்புப் பூத்திருந்தால் வேட்டி முனையால் துடைப்பார். துடைக்கும் முன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். எங்கள் அளத்து ஆட்களால் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. முதல் வருடம் கடலூரோடு திரும்பினார். அப்புறம் சிதம்பரம் வரை. அப்புறம் சீர்காழி. தை பிறந்தால் அளத்தில் வரப்பு போட வேண்டும், வந்துவிடுவார்.

"ஊர்ல இருக்கிறவங்க சாமி கும்பிடப் போறாங்க. இவரு செவுத்த நக்கப் போறாரு" என்பார் அண்ணி. அண்ணன் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டுவார்.

சீர்காழிக்கு நானும் கூடப் போனேன். கோயில் காவல்காரர், "யோவ், சாமி உள்ள இருக்காரு. செவுத்துல என்ன தேடுறே?" என்றார். "எங்க வேலையத்தாங்க" என்றார் அண்ணன். இரண்டாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. "போலாம்ணா, போலாம்ணா" என்று நச்சரித்து அவரை நான்தான் சீக்கிரம் கிளப்பினேன்.

பிறகு கண் மங்கத் தொடங்கியது. வெள்ளை உப்பில் அடிக்கிற வெயிலில் அத்தனை வருடம் நின்ற கண். இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "முழுசா போறதுக்குள்ள வேதாரண்யம் பாத்துட்டா போதும்டா."

போன வருடம் ஐப்பசியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு டூரிஸ்ட் பஸ் பிடித்தார்கள். மூன்று நாளில் இருபது கோயில். அண்ணனுக்கு நடக்கிற சிரமம் இல்லை என்று நான்தான் இரண்டு சீட்டு சொல்லி வைத்தேன். பஸ்ஸில் அவர் என் உள்ளங்கையை விரித்து அந்த மூன்று எழுத்தையும் விரலால் எழுதிக் காட்டினார். "எனக்குக் கண்ணு சரியில்ல, நீயும் பாக்கணும். இப்பிடி ஆரம்பிக்கும். இங்க வளையும்." எனக்குத் தூக்கம். "சரிண்ணா, சரிண்ணா" என்றேன்.

வேதாரண்யத்தில் தரிசனம் முடிந்ததும் அண்ணன் வெளிச்சுவருக்கு வந்துவிட்டார். முகத்தைக் கல்லோடு ஒட்டி வைத்து, விரலால் தடவிக்கொண்டே போனார். தெற்குச் சுவர் முடிந்தது. மேற்குச் சுவர் முடியும்போது பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தவரே இறங்கி வந்துவிட்டார்.

"இன்னாப்பா, உங்க ரெண்டு பேருக்காக நாப்பது பேரு காத்துனு கெடக்கணுமா?"

"வடக்குச் செவுரு ஒண்ணுதான்டா பாக்கி" என்றார் அண்ணன் என்னிடம். "நீ போ. நான் ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வந்துடறேன்."

கண் தெரியாதவரைத் தனியே விட முடியாது. நானும் கூட இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று பஸ்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டார்.

அவர் சட்டையெல்லாம் சுவரின் வெள்ளை. "இன்னாண்ணே, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சியா?" என்றாள் ஒரு பெண். பஸ்ஸே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அதற்குப் பிறகு போன கோயில்களில் அவர் சுவர்ப் பக்கம் போகவில்லை.

கார்த்திகையில் ஜுரம் கண்டு, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பத்து நாள் படுக்கை. பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார், பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார். வடக்குச் சுவரைப் பற்றி ஒரு தரம்கூடப் பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பத்து நாளும் மழையில் நனைந்து டாக்டரை அழைத்து வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், முறை போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்த அளத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்த டூரிஸ்ட் பஸ்ஸில் வந்தவர்கள் அத்தனை பேரும் சுடுகாடு வரை வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

கருமாதி முடிந்து, மார்கழிக் கடைசியில் நான் தனியாக வேதாரண்யம் போனேன். அதற்கு முன், வடிவத்தைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊர்க் கோயிலில் அந்தச் சொல்லைத் தேடினேன். எத்தனையோ வரிகள், எந்த இடம் என்று தெரியவில்லை. அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். "கும்பிட்டுட்டு வாங்க தம்பி" என்றார். வாசல் வரை வந்து, "செவுத்தையும் பாத்துட்டு வாங்க" என்றார்.

வடக்குச் சுவரில் நிறைய எழுத்து இருக்கிறது. இரண்டு நாள் வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் அவர் எழுதியது எப்படி ஆரம்பித்தது, எங்கே வளைந்தது என்று நினைவுக்கு வரவில்லை. ஒரு இடத்தில் அது மாதிரி இருந்தது. உப்புப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துடைத்தேன். அதுதானா என்று கேட்க அவர் இல்லை.

மறுநாள் காலை பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். மழை விட்டிருந்தது. மதியம் வரப்பு போடப் போனோம்.