மனூசோஸ் காபி கேட்ட நாள்

எங்கள் க்ரீட் தீவின் மலையூர்களில், காபிக்கடையில் உட்கார்ந்து சேஜ் இலைக் கஷாயம் கேட்கும் ஆம்பிளை நோயாளி என்று அர்த்தம். நல்ல உடம்புக்காரன் காபியோ ராக்கிச் சாராயமோதான் கேட்பான். மனூசோஸ் மட்டும் மனைவி செத்ததிலிருந்து தினமும் கஷாயம் கேட்டார். கடைக்காரி நான் சும்மா விடுவேனா?

"இன்னைக்கு என்ன மாமா நோவு?"

"முட்டி, ஆர்கீரோ."

நேற்று தொண்டை, முந்தாநாள் வயிறு. டாக்ஸி ஓட்டும் ஸ்ட்ராத்திஸ் சிரிப்பான். "நம்ம எல்லாரையும் புதைச்சுட்டுத்தான் இவரு போவாரு!"

இங்கிருந்து கிழக்கே சிரியாக் கரை வரை, காய்ந்த பாறை கண்ட இடமெல்லாம் தானாக வளரும் புதர் இந்த சேஜ். ஆடு மொட்டையடித்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். மனூசோஸ் வீட்டு வாசலிலேயே இடுப்புயரம் நிற்கிறது. அதைக் குடிக்க அந்த மனிதர் மலையிறங்கி வருவார். என்ன நோவு என்று கேட்க வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான். ஊருக்கே இது தெரியும். ஆனாலும் ஒருத்தரும் மேலே ஏறிப் போய்ப் பார்த்ததில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, வந்ததும் "காபி" என்றார்.

"மாமாவுக்கு உடம்பு தேறிடுச்சுடோய்!" என்றான் ஸ்ட்ராத்திஸ். எல்லாரும் கைதட்டிவிட்டு வேலைக்குக் கலைந்தார்கள். அவர் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து போனார். இல்லாத நோவையெல்லாம் சொன்னவர் வந்த நோவை மறைக்கிறார் என்று பட்டது. கடையைப் பூட்டிவிட்டு மலையேறினேன்.

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது, கை நெஞ்சில்.

"ஏன் மாமா சொல்லல?" என்று கத்தினேன்.

"தினம் சொன்னேனே. இன்னைக்குச் சொல்லி, நீங்க சிரிச்சிருந்தா தாங்கியிருக்க மாட்டேன்."

எங்கள் ஊரில் சாவு விழுந்தால்தான் காபிக்கடையைப் பூட்டுவோம். பூட்டைப் பார்த்த ஆண்களெல்லாம் நான் ஏறிய பாதையிலேயே பதறிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"யாரு செத்தா?" ஸ்ட்ராத்திஸுக்கு வாசலிலேயே மூச்சிரைத்தது.

"இன்னும் யாருமில்ல. உள்ள வாங்கடா," என்றார் மனூசோஸ். அறை நிறைந்த கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஸ்ட்ராத்திஸ் குனிந்து முதுகைக் காட்டினான். "ஏறுங்க மாமா, டாக்ஸி கீழ நிக்குது."

"வீடு தேடி வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பவா? ஆர்கீரோ, எல்லாருக்கும் கஷாயம் ஊத்தும்மா."

அலமாரியைத் திறந்தேன். ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதேன். ஸ்ட்ராத்திஸ் அவரைச் சுமந்துகொண்டு மலையிறங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.