நாலரை மணிச் சங்கு

மடுல்சீமைத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதுபவர் மருதை. வயது ஐம்பத்து மூன்று. சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான்; பின்னேரம் நாலரைக்கு அதை அழுத்தினால் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இறங்குவார்கள். கரண்ட் இல்லாத நாளில் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடிப்பார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நேரம் பிசகவில்லை என்பார். ஒரே ஒரு முறை, வேறொருவர் கையால் பிசகியது. அப்போது பத்து வயதாயிருந்த மகள் சிவசக்தி விளையாட்டாகத் தண்டவாளத்தைத் தட்ட, மூன்று மணிக்கே பாதி மலை இறங்கி வந்துவிட்டது.

சிவசக்திக்கு இப்போது இருபத்து நாலு. பதுளையில் போன் கடையில் வேலை. 'கடைசிக் கோச்சி', அதாவது கடைசி ரயில், என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். குழுவின் முதல் பாட்டு 'ஏழாம் நம்பர் மலை'. அதன் வீடியோ, சங்குச் சத்தத்தில் தொடங்க வேண்டும். சங்கு ஊதும், தொழிற்சாலை முற்றத்தில் அவள் அடிக்கத் தொடங்குவாள், பின்னால் மலை முழுக்கப் பெண்கள் இறங்குவார்கள். பின்னேரச் சங்கு ஒரு தடவைதான் ஊதும். படம்பிடிக்க ஒரே நாள்தான்; இரவல் கேமரா மறுநாள் பதுளைக்குத் திரும்ப வேண்டும்.

அன்று நாலு இருபதுக்குப் பனி இறங்கியது. மலை மறைந்தது. கேமராக்காரர் றுஷ்தி வானத்தைப் பார்த்தார். சிவசக்தி அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, அஞ்சு நிமிசம் தள்ளி ஊதுங்க. பனி கலைஞ்சிரும்."

"நாலரைன்னா நாலரை."

"தோட்டத்துத் தொரையே சரின்னுட்டாருப்பா."

"சொல்லுவாரு. கொழுந்து மூட்டையத் தலையில வச்சிக்கிட்டு நிக்கிறது தொரை இல்ல. மேல ஒங்கம்மாதான் நிக்கிறா. அவகிட்ட கேட்டியா?"

"அங்கிள், இண்டைக்கு விட்டா வேற நாளில்ல," என்றார் றுஷ்தி.

"அது தெரியும் தம்பி. பிள்ளை மடுவத்துல கைப்பிள்ளைங்க அம்மாவுக்காக அழுவுதுங்க. அதுங்களுக்கும் வேற நாளில்ல."

சிவசக்தி திரும்பி நடந்தாள். போய் டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்தாள். முகம் தொங்கியிருந்தது. மருதை அதைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்குப் பொத்தானை அழுத்தினார்.

அவள் அடிக்கத் தொடங்கினாள். கேமராவில் வெறும் வெள்ளை. சங்கு அடங்கிய பிறகும் வெள்ளைதான். றுஷ்தி கேமராவை நிறுத்தவில்லை. முற்றத்தின் மேற்படியில் முதலில் ஒரு மூட்டை தெரிந்தது; அதன் கீழே ஒரு தலை. பிறகு நாலு. பிறகு பாதை நிறைய. முதலில் வந்தவள் லெட்சுமி, சிவசக்தியின் அம்மா. டிரம்ஸைக் கண்டு நின்றாள்.

"ஏண்டி, கொழுந்து நிறுக்கப் போற வழியிலயா கடையப் பரப்புவ?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். சிவசக்தியும் சிரித்தபடியே அடித்தாள், தாளம் விடாமல்.

அந்தச் சிரிப்போடுதான் வீடியோ வெளியானது. லெட்சுமியின் கேள்வியையும் வெட்டவில்லை. அந்த ஞாயிறு சிவசக்தி லயத்து வீட்டுக்கு வந்து அப்பாவின் கையில் போனைக் கொடுத்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இருவது செக்கன் ஊதினேன். இதுல ஒம்பதுதான் இருக்கு."

"பாட்டே மூணு நிமிசந்தான்பா."

"இங்க சங்க வெட்டுற பழக்கம் இல்ல," என்றார். பிறகு, "மொதல்லருந்து போடு" என்றார்.