ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு வீடு பார்த்த கதை

சென்னையில் நான் வாய் திறந்தால் போதும், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "கேரளாவாம்மா?" என்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இது என்ன கொடுமை! ஆனாலும் ஆமென்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொன்னபடியால் அடையாறில் ஒன்று, தி. நகரில் ஒன்று என்று கைக்கு வந்த இரண்டு வாடகை வீடுகள் நழுவியிருந்தன. சிலோன் என்றதும் வீட்டுக்காரம்மாக்கள், "அவர்ட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. அன்றிலிருந்து "கதைக்கிறது" எல்லாவற்றையும் "பேசுறது" ஆக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இந்த ஊர்த் தமிழ் பழகினேன்.

கடித்த கடியில், போன மாதம் காதுக்கு முன்னால் தாடை மூட்டு பூட்டிக்கொண்டது. இட்லியைக்கூட நகமளவு பிய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. மயிலாப்பூர்ப் பல் டாக்டர் அளவெடுத்து, மேல் பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று செய்து தந்தார். அதுதான் ஸ்பிளின்ட். "சாப்பிடும்போது மட்டும் கழட்டுங்க. சும்மா இருக்கும்போது பல்லோட பல்லு படவே கூடாது," என்றார். அதை மாட்டிக்கொண்டு சென்னைத் தமிழ் பேசிப் பாருங்கள்! நாக்கு தடுக்கி யாழ்ப்பாணத்தில்தான் போய் விழும்.

அந்த வாரம் பார்த்துத்தான் மந்தைவெளியில் ஒரு மாடி வீடு காலியென்று தெரிந்தது. மகள் கல்லூரிக்கு நடந்தே போகலாம். எப்படியாவது கிடைத்தே ஆகவேண்டும். சென்னைத் தமிழ் தடுக்காமல் வரட்டுமென்று வாசலில் நின்று ஸ்பிளின்டைக் கழற்றினேன். தாடை சுள்ளென்றது. திரும்ப மாட்டிக்கொண்டு மணியை அடித்தேன்.

வீட்டுக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார். "வாய்ல இன்னாம்மா வச்சிக்கினு கீற?"

"தாடை நோகுதம்மா, அதுக்குப் போட்டிருக்கிறன். நாங்கள் யாழ்ப்பாணம்." சொல்லியே விட்டேன்.

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "மீனு துன்னுவியா?"

போச்சு! இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்: சைவம் என்றால்தான் வீடு. ஆனால் அன்றைக்கு மறைக்க எனக்குத் தெம்பில்லை. "ஓம் அம்மா. கிழமைக்கு நாலு நாள்."

"அப்பாடா! எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போறவரு. போன தபா இருந்தவங்க நான் கருவாடு வறுத்தாலே சண்டைக்கு வந்தாங்க. நீ வந்துடும்மா."

குடிவந்து மூன்று கிழமை. இப்போது வாய்க்குள் முழு இட்லித் துண்டு போகிறது. என் இரண்டுங்கெட்டான் தமிழை மகள் கேலி செய்கிறாள். நேற்று மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா போனில், "என்னடி, இந்தியாக்காரி மாதிரிக் கதைக்கிறாய்!" என்று சிரித்தாள். அதே நேரம் கீழேயிருந்து, "சிலோன்காரம்மா, சங்கரா மீனு வந்துகீது, எறங்கி வா!" என்று குரல் வந்தது. போனைக் காதில் வைத்தபடியே இறங்கினேன். பாதிப் படியில் நின்று, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சொல்லாக, "இதோ வாறன்!" என்றேன்.