பாதி மணியில் வெட்டிய போன்

கம்பைநல்லூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நர்ஸம்மா, தனியாக இருக்கும் கிழடுகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். வாரம் ஒருநாள் நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சி. மற்ற நாட்களில் காலையில் இருவர் இருவராகப் போனில் பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தவர் மேலத் தெருவில் கன்னடம் பேசும் வீட்டு அம்மா. கணவர் இல்லை, மகள் ஓசூரில்.

அந்த அம்மா தமிழில் தொடங்குவார், சுவாரசியம் கூடினால் கன்னடத்துக்குப் போய்விடுவார். தக்காளி விலை, கோழி, பக்கத்து வீட்டுச் சாக்கடை, மறுபடியும் கோழி. என் காபி ஆறிப்போகும். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். காசு மிச்சம், நான் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதுமே, நீங்கள் திருப்பி ஒன்று கொடுத்தால் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது பேசுவதற்குத் தனிக்காசு இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.

அவர் விடவில்லை. மணி அடித்ததும் எடுத்துவிடுவார். நான் ஒரு மணியில் வெட்டினேன். அவர் அதற்குள் எடுத்தார். பாதி மணியில் வெட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்தப் போட்டி எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒருநாள் திருப்பி அழைப்பு வரவில்லை. செய்தித்தாளை முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜின் மேல் போன் சார்ஜில் இருந்தது. கீழே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தருமபுரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டு போட்டு வந்தோம்.

மகள் வந்தாள். அம்மாவுக்குத் தலைசுற்றல், இனித் தனியே விட முடியாது, ஓசூருக்கே கூட்டிப்போகிறேன் என்று பையை எடுத்து வைத்துவிட்டாள். அங்கே அவளுக்கு மூன்றாம் மாடி வீடு. போனை எடுக்க ஓடித்தான் விழுந்தேன் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மிஸ்டு காலுக்கு யாராச்சும் ஓடுவாங்களா சார்? மயக்கம் வந்து உழுந்துட்டு சாக்கு சொல்லுது" என்றாள் மகள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஓசூரில் ஆஸ்பத்திரி வசதி நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வாசல்வரை வந்துவிட்டேன். செருப்பை மாட்டிய பிறகு கால் நகரவில்லை. திரும்பிப் போனேன்.

"மயக்கமெல்லாம் இல்லம்மா. அவங்க எடுக்கறதுக்குள்ள நான்தான் கட் பண்ணிடுவேன். தினமும். எடுத்தா பேசுவாங்கன்னு."

மகள் என் பக்கம் திரும்பினாள். "பேசினா என்ன சார் கொறஞ்சிடும்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மாவுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "கேட்டுக்கிட்டியா? நான் பொய் சொல்லல. பையப் பிரி. என் வூட்ட உட்டு நான் வர்ல."

கட்டுப் பிரிக்கும்வரை பார்க்கலாம் என்று மகள் இறங்கி வந்தாள், ஒரே நிபந்தனையோடு. போன் கிடையாது, தினமும் யாராவது நேரில் போக வேண்டும். குழுவில் முறை வைத்துக்கொண்டோம். முதல் முறை என்னுடையது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் காலை போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாக்கியமெல்லாம் தயார் செய்திருந்தேன். அதற்குள் அவர், பெங்களூரில் இருக்கும் என் மகன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். அவனைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டு வெகுநாளாகிவிட்டது. சொல்ல ஆரம்பித்தேன். அவன் படிப்பு, வேலை, அவனோடு நான் போட்ட சண்டை, அவன் அம்மா போன பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அவர் கட்டுப் போட்ட கையை மெல்லத் தூக்கினார்.

"வெயில் ஏறுதுங்க சார். மீதிய நாளைக்கு வந்து சொல்லுங்க."